வரச் சொல்லாத கடிதங்கள்

குன்னூர்
3.11.2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அம்மா, அப்பா, தம்பி ராபின் மூவருக்கும் ஷெரின் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். மழையும் குளிரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மடத்தில் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பகலிலும் கழற்றுவதில்லை. நீங்கள் மூவரும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆவூர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா?

இந்த நவகன்னியர் பயிற்சி ஆண்டில் போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று மதர் முதல் நாள் சொன்னபோது மலைப்பாக இருந்தது. ஆறு மாதத்தில் பழகிவிட்டேன். இப்போது எனக்கு அடுப்படி வேலை. முப்பது பேருக்குச் சப்பாத்தி தேய்க்கிறேன் என்றால் அம்மா நம்பமாட்டீர்கள். வீட்டில் ஒரு தோசை திருப்பியதில்லை.

மே 24 அன்று முதல் வார்த்தைப்பாடு என்று தேதி குறித்துவிட்டார்கள். அன்றைக்கு உறுதிமொழி சொல்லி நான் சிஸ்டர் ஆகிவிடுவேன். அம்மா, நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இதற்குள் மனம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். மூன்று பேரும் வரவேண்டும்.

ராபின், பிளஸ் ஒன் பாடமெல்லாம் எப்படி? வாலிபால் மட்டும்தான் நடக்கிறதா? பதில் போடு, சோம்பேறி.

உங்கள் ஜெபத்தை வேண்டும்,
ஷெரின்

*

ஆவூர்
20.11.2024

சேசு மரி சூசை துணை.

பாசமுள்ள மகள் ஷெரினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் கடிதம் வந்தது. கண்மாயில் முக்கால் தண்ணீர். நடவு முடிந்துவிட்டது.

ராபினுக்குக் கொஞ்சம் காய்ச்சல், கால்வலி. அப்பா திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவன் எழுதவில்லை. நீ கவலைப்படாதே.

குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள். மாதாவிடம் தம்பிக்காக ஒரு ஜெபமாலை சொல்.

அவசரத்தில் எழுதுகிறேன்.
அம்மா மரிய செல்வி

*

குன்னூர்
8.12.2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அம்மாவுக்கு, நலம். உங்கள் நலமும் அப்பா, தம்பி நலமும் அறிய ஆவல்.

இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. வழக்கமாகக் கோழி முட்டையிட்டதுவரை எழுதுவீர்கள். மேலே ஆவூர் என்று போட்டிருக்கிறீர்கள், கவரில் திருச்சி முத்திரை இருக்கிறது. அப்பா கையில் கொடுத்துவிட்டீர்களா? ராபினுக்குக் காய்ச்சல் விட்டதா? கால்வலி வாலிபால் ஆடியதாலா?

இன்று அமல உற்பவ மாதா திருநாள். பூசையில் நான்தான் கீபோர்டு வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பு. மதர் கவனித்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு, "ஒங்க ஊர்லேருந்து லெட்டர் வந்துச்சா ஷெரின்?" என்று மட்டும் கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கடிதம் போடுங்கள். ராபின் கையால் நாலு வரி வேண்டும். திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

அன்பு மகள்,
ஷெரின்

*

ஆவூர்
29.12.2024

சேசு மரி சூசை துணை.

பாசமுள்ள மகளுக்கு, நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போனது. இந்த வருஷம் பலகாரம் சுடவில்லை. வீட்டுக்கு நட்சத்திரம் பக்கத்து வீட்டு வீரய்யா அண்ணன்தான் கட்டினார். ராபின் கொஞ்சம் இளைத்திருக்கிறான். அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஆண்டவருக்குக் கோடி நன்றி, நேற்றிலிருந்து நன்றாக மூச்சு விடுகிறான். எனக்கு இப்போதுதான் சாப்பாடு இறங்குகிறது.

நீ ஜெபத்தில் மறக்காதே. வேலைகளைப் பொறுப்பாகச் செய். உனக்குப் புது வருஷ ஆசீர்.

அம்மா மரிய செல்வி

*

குன்னூர்
5.1.2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அப்பாவுக்கு ஷெரின் எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

அம்மாவின் கடிதத்தை ஏழெட்டு முறை படித்துவிட்டேன். 'நேற்றிலிருந்து நன்றாக மூச்சு விடுகிறான்' என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலும் கால்வலியும் வந்த பிள்ளையைப் பற்றி யாராவது அப்படி எழுதுவார்களா? அப்படியென்றால் நேற்றுக்கு முன்னால் எப்படி மூச்சு விட்டான்?

உங்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்று தெரியும். இந்த ஒருமுறை எழுதுங்கள். மாதம் ஒன்றுதான் என்ற விதியை மதர் எனக்காகத் தளர்த்தியிருக்கிறார். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மகள்,
ஷெரின்

*

திருச்சி
12.1.2025

ஆத்தா ஷெரின்,

அப்பா எழுதுகிறேன். ராபின் உயிரோடு நன்றாக இருக்கிறான். அதை முதலில் படி. மற்றதைப் பிறகு படி.

நவம்பர் முதல் வாரம் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியானது. 14-ஆம் தேதி ஸ்கூல் விட்டு வந்தவன், "கால் மரமரன்னு இருக்குப்பா" என்றான். ஆட்டக் களைப்பு என்று நினைத்தேன். சனிக்கிழமை டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியவன் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டான். எழுந்திரிக்க முடியவில்லை. வீரய்யாவும் நானும் தூக்கிக் காரில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் கையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மூச்சு திணறி, மெஷின் வைத்தார்கள். அம்மா உனக்கு முதல் கடிதம் எழுதியது அதற்கு மறுநாள், ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னிடம் சொன்னார்: "ஐயா, கரன்ட் வயருக்கு மேல ரப்பர் உறை இருக்கும்ல, அது மாதிரி நரம்புக்கும் உறை இருக்கு. கிருமிய அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி அந்த உறைய அரிச்சிருச்சு. ஜி.பி.எஸ்.னு பேரு. உறை திரும்ப வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும்." நான், "நடப்பானா சார்?" என்றேன். "மொதல்ல மூச்சு விடட்டும்" என்றார்.

நாற்பது நாள் மெஷினில் இருந்தான். தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச முடியாது. கண் இமை மட்டும் அசையும். அம்மா ஒன்றாம் வகுப்பு எழுத்து அட்டை ஒன்று வாங்கிவந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினாள். சரியான எழுத்து வந்தால் கண்ணை மூடித் திறப்பான். முதல் நாள் அரைமணி நேரம் கண்ணை மூடித் திறந்து ஒரு வார்த்தை சொன்னான். மாதா பேரைச் சொல்கிறான் என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பார்த்தால் 'முதுகு'. முதுகு அரித்திருக்கிறது. சொறிந்துவிட்டதும் அவன் கண் சிரித்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் இவன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றியது.

டிசம்பர் 28-இல் மெஷினை எடுத்தார்கள். இப்போது வார்டில் இருக்கிறான். குரல் கரகரவென்று வருகிறது. விரல்கள் அசைகின்றன. கால் இன்னும் அசையவில்லை.

உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. நீ நேராகக் கேட்டபிறகு மறைக்க எனக்கு மனசில்லை. உன்னை வா என்றும் நான் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா லியோன்

*

குன்னூர்
16.1.2025

இயேசுவுக்குப் புகழ்.

அம்மா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

தம்பி மெஷினில் கிடந்த நாற்பது நாளும் நான் இங்கே சப்பாத்தி தேய்த்தேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி பறித்தேன். ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தேன்கூட. அவன் போயிருந்தால் எனக்கு என்ன எழுதியிருப்பீர்கள்? 'கண்மாயில் முக்கால் தண்ணீர்' என்றா?

மதரிடம் போய் அழுதேன். அவர், "போய்ட்டு வா. பதினைஞ்சு நாள் தாண்டுனா அந்த நாளைப் பின்னால ஈடு கட்டணும். மூணு மாசம் தாண்டுனா இந்த வருஷமே கணக்கில்ல, மொதல்லேருந்து தொடங்கணும். யோசிச்சு முடிவு பண்ணு" என்றார். பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்திருக்கிறேன். பதினைந்து நாளா, மூன்று மாதமா, திரும்பவே வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மடத்து ஆபீஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன். நான் இங்கே வந்ததே பிடிக்காதவர் நீங்கள். அப்புறம் ஏன் கூப்பிடவில்லை?

ஷெரின்

*

திருச்சி
22.1.2025

சேசு மரி சூசை துணை.

ஷெரினுக்கு அம்மா எழுதுவது. உன் கோபம் நியாயம்தான். ராபின் சுகமாக இருக்கிறான். இன்று தலையணை வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்தான்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நீ போன நாளிலிருந்து நான் பெரியநாயகி மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் பெண் திரும்பி வர ஏதாவது ஒரு காரணம் கொடு தாயே என்று கேட்டேன். பூசைக்குப் போகும்போதெல்லாம் கேட்டேன். எல்லாரும், "ஒனக்கென்ன செல்வி, ஆண்டவருக்குப் பிள்ளைய குடுத்தவ" என்று பாராட்டுவார்கள். தலையாட்டிவிட்டு, உள்ளே போய் இதைத்தான் கேட்பேன்.

ராபினுக்கு மெஷின் வைத்தபோது, ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குப் பளிச்சென்று தோன்றியது. நான் கேட்ட காரணம் வந்துவிட்டது. நான் கேட்டதால்தான் வந்தது. அப்பா, "ஷெரினுக்குப் போன் போடவா?" என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அந்தக் காரணத்தை நான் எடுத்துக்கொண்டால் பிள்ளையை விலையாகக் கொடுத்து வாங்கியது போல ஆகிவிடும். எடுக்காமல் இருந்தால் மாதா அதைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். படிக்காதவள் நினைப்பு என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் புருஷனுக்குத் துணையாக வல்லத்திராக்கோட்டை மருதாயி இருக்கிறாள். அவளிடம் மட்டும் இதைச் சொன்னேன். "நீ கேட்டு ஒடனே குடுக்குற சாமின்னா எனக்கும் சொல்லு செல்வி, நானும் வாரேன். எங்க சாமி இருபது வருசமா காது கேக்காம இருக்கு" என்றாள். அத்தனை நாளுக்கும் சேர்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

வா என்று இப்போதும் எழுதமாட்டேன். வந்தால் கதவைச் சாத்தவும் மாட்டேன்.

கீழே உள்ளது ராபின் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

"அக்கா, இப்ப வராத. டயப்பர் கட்டிப் படுத்திருக்கேன். நீ பாத்தா அழுவ, இந்த வார்டுல அழுறதுக்கு ஏற்கனவே ஆள் ஜாஸ்தி. ரெண்டு வாரத்துல வீட்டுக்கு அனுப்புறாங்களாம். அங்கிட்டு வா."

அம்மா மரிய செல்வி

*

குன்னூர்
20.2.2025

இயேசுவுக்குப் புகழ்.

என் அன்பு அம்மாவுக்கு, சுகமாக வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்துக்குமேல் பஸ்ஸில் வாந்தி வந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த கடலை உருண்டையை இங்கே எல்லாரும் பிடுங்கித் தின்றார்கள்.

பன்னிரண்டு நாள் உங்களோடு இருந்தது கனவு போல இருக்கிறது. வாசலில் காரை விட்டு இறக்கியதும் அவன் என்னைப் பார்த்து, "என்னக்கா, நீதான் பேஷன்ட் மாதிரி இருக்க" என்றான் பாருங்கள், நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எப்படி மெலிந்திருந்தான். தொடை என் கை அளவு. ஆனால் பிசியோதெரபி இலக்கியா வந்து "ஒன்னு, ரெண்டு" என்று சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்தானே, அந்தப் பிடிவாதம் பழைய ராபின்தான். நான் காலைப் பிடித்துவிட, அவன் வலியில் என்னை வாய்க்கு வந்தபடி திட்ட, நீங்கள் அடுப்படியிலிருந்து, "கன்னியாஸ்திரிய அப்புடிப் பேசாதடா" என்று அதட்ட, "இன்னும் ஆகலம்மா, மே மாசம் வரைக்கும் திட்டலாம்" என்று அவன் சொல்ல...

கிளம்பும் நாள் நெருங்க நெருங்க, நீங்கள் இருக்கச் சொன்னால் இருந்துவிடுவேன் என்ற நிலையில்தான் இருந்தேன். உங்களுக்கும் அது தெரியும். பஸ் வந்ததும் நீங்களே என் பையை எடுத்து உள்ளே வைத்து, "போய்ட்டு வா ஆத்தா" என்றீர்கள். முகத்தைத் திருப்பவில்லை. பஸ் வளைவு திரும்பும்வரை கையை இறக்கவுமில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் என் முடிவும் தெளிவாகிவிட்டது. இதுதான் என் இடம், அம்மா. கடமைக்காகச் சொல்லவில்லை. வந்து அடுப்படியில் நின்றதும் மனம் அப்படியே அமைதியானது.

நேரில் சொல்ல வராத ஒன்றை எழுதிவிடுகிறேன். நீங்கள் கேட்டதால் அவனுக்கு நோய் வரவில்லை. வயிற்றுக் கிருமியால் வந்தது என்று டாக்டர் சொன்னாரே. பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு தாய் கேட்டதற்கெல்லாம் நோய் வரும் என்றால், நம் ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் நடமாட முடியாது. மாதாவும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே. அவளுக்கு உங்கள் மேல் கோபமே வந்திருக்காது.

அப்பாவின் இருமலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

உங்கள் ஷெரின்

*

ஆவூர்
23.4.2025

சேசு மரி சூசை துணை.

பாசமுள்ள மகள் ஷெரினுக்கு அம்மாவின் ஆசீர். இங்கே அனைவரும் சுகம். இந்தமுறை நிஜமாகவே சுகம், நம்பு. என் முழங்கால் வலிகூட மறந்துபோனது. கவனிக்க நேரமில்லை.

ஈஸ்டர் பாஸ்காவுக்கு நல்ல கூட்டம். தேர்த் திருவிழாவுக்கு ராபினைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனோம். தேர் எங்கள் பக்கம் வந்ததும், "அப்பா, வாக்கரக் குடுங்க" என்றான். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கால் ஆடியது. அப்பா பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிப்பவர் மாதிரி நின்றார். தேர் தாண்டும்வரை நின்றான். நான் தேரைப் பார்க்கவே இல்லை. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நீதான் எழுதியிருக்கிறாயே.

பரீட்சை எழுத முடியவில்லை என்று முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து, ஜூனில் மறுபடி பிளஸ் ஒன் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மருதாயி போன வாரம் வந்தாள். அவள் புருஷனும் தடி ஊன்றி நடக்கிறாராம். கோயில் கடா வெட்டுக்கு நம்மைக் கூப்பிட்டாள். போவோம்.

ஒரு வருத்தம். மே 24-க்கு ராபின் வர முடியாது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார வேண்டாம், மலையில் படி ஏறவும் முடியாது என்று இலக்கியா சொல்லிவிட்டாள். அப்பா அவனோடு இருந்துகொள்கிறார். நான் மட்டும் வருகிறேன். நல்ல பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அழமாட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு அழுகை.

அம்மா மரிய செல்வி

*

ஆவூர்
27.5.2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் ஷெரின் அவர்களுக்கு,

(இனிமேல் இப்படித்தான் எழுதவேண்டும் என்று அம்மா உத்தரவு. இது முதலும் கடைசியும்.)

அக்கா, நான் சுகம். நீயும் புது அங்கியில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இப்போது போன் பேசலாமாமே. ஆனால் நம் வீட்டில் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் அம்மா பேசவிடுவார். நான் சொல்லப்போவது அவருக்கு இன்னும் தெரியாத விஷயம். அதனால்தான் கடிதம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து நீ வார்த்தைப்பாடு சொன்ன கதைதான். மைக் முன்னால் உன் குரல் நடுங்கவே இல்லையாம். உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாராம். ஊரில் யாரைப் பார்த்தாலும் சொல்கிறார். வீரய்யா மாமா மூன்று முறை கேட்டுவிட்டார்.

அன்றைக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை பத்து மணி. உனக்குப் பூசை நடக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டு வாசல் நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். வீரய்யா மாமாவின் ஆடுகள் நாலு உள்ளே வந்து அம்மாவின் கத்தரிச் செடியில் வாய் வைத்தன. கத்தினேன். ஒன்று என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. நான் எழ முடியாதவன் என்று ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து போய் நாலையும் விரட்டி, கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டேன்.

கொக்கியைப் போட்ட பிறகுதான் பார்த்தேன். வாக்கர் நாற்காலி பக்கத்திலேயே நிற்கிறது. நான் கேட்டில் நிற்கிறேன். நடுவில் பதினாலு பதினைந்து அடி. வந்தது எப்படி என்று தெரியவில்லை. திரும்பிப் போவதை நினைத்ததும் கால் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. இரண்டு கையாலும் கேட்டைக் கட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வீரய்யா மாமா ஆட்டைத் தேடி வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எந்த ஆடு சினை, எதை வியாபாரி கேட்டான், எதற்குக் கழிச்சல் என்று கால்மணி நேரம் பேசினார். நான் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். வியர்த்துக் கொட்டியது. ஆனால் அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதமாக என்னோடு பேசினவர்கள் எல்லாரும் என் காலைப் பார்த்துத்தான் பேசினார்கள். மாமா ஆட்டைப் பற்றிப் பேசினார். யாரோ ஒரு ஆளிடம் பேசுவது போல என்னிடம் பேசினார்.

கடைசியில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏன் தம்பி, கேட்டையே புடிச்சுக்கிட்டு நிக்கிறீக, வெளிய போகணுமா?"

"இல்ல மாமா, உள்ள போகணும்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். தூரத்தில் தனியாக நின்ற வாக்கரைப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்து, நான் நாற்காலிவரை நடக்க, என் தோளுக்குப் பக்கத்தில் தொடாமல் நடந்து வந்தார்.

அம்மாவிடம் நீயே சொல்.

உன் தம்பி,
ராபின்